ஈறு வீங்கிய நாய்க்கு எந்தப் பல் சுத்தம்?

நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். கடைவாயில் பழுப்பாகக் காரை, அதன் விளிம்பில் சிவந்து தடித்த ஈறு, கூடவே முகத்தைத் திருப்ப வைக்கும் நாற்றம். என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, காரையைக் கருவியால் எடுக்கும் ஸ்கேலிங் செய்ய வேண்டும் என்பார் டாக்டர். மயக்கமெல்லாம் எதற்கு, பிடித்துக்கொண்டு சுரண்டி எடுத்துவிடலாம் என்பார்கள் க்ரூமிங் கடையில். நாய் வளர்த்துப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர் எலும்பு வாங்கிப் போடச் சொல்வார். ஆன்லைனில் தேடினால் தண்ணீரில் கலக்கும் திரவம், சோற்றில் தூவும் பொடி, ஜெல், ஸ்ப்ரே, மெல்லும் குச்சி, சத்தம் போடாத அல்ட்ராசோனிக் பிரஷ் என்று வரிசைகட்டி நிற்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரே வேலைக்கான போட்டிப் பொருள்களாக நினைத்து விலை பார்ப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இவற்றில் சில சிகிச்சை, சில தடுப்பு, ஒன்றிரண்டு வெறும் ஒப்பனை. பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்து ஒரே கேள்வி போதும்: இது ஈறுக்கு அடியில் போகிறதா? போகாது என்றால், ஏற்கெனவே வந்துவிட்ட ஈறு நோயை அது குணப்படுத்தாது. புதிதாக வராமல் தடுக்க உதவலாம், அவ்வளவுதான்.

ஏன் ஈறுக்கு அடியில்?

சுத்தம் செய்த பல்லின் மேல் சில மணி நேரத்துக்குள் பாக்டீரியாப் படலம் படியத் தொடங்கிவிடும். இதுதான் பிளேக். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் எச்சிலில் உள்ள கால்சியம் உப்புகள் அதில் இறங்கி இறுகினால் காரை. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்களுக்குச் சொத்தைப் பல் அபூர்வம், ஆனால் காரை வேகமாகப் படியும். மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல், அதாவது கறியைக் கிழிக்கும் அந்தப் பெரிய பல், இதில் முதல் பலி. எச்சில் சுரப்பியின் குழாய் அதன் பக்கத்தில்தான் திறக்கிறது. உதட்டைத் தூக்கியதும் கண்ணில் படும் காரை பெரும்பாலும் அந்தப் பல்லில்தான் இருக்கும்.

ஆனால் கண்ணில் படும் காரை நோய் அல்ல. அது சொரசொரப்பான ஒரு தளம், புதுப் பிளேக் ஒட்டிக்கொள்ள வசதி செய்து தருகிறது. நோய் நடப்பது பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள சின்னப் பிளவில். ஆரோக்கியமான நாய்க்கு அந்தப் பிளவின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும், குட்டி இன நாய்களுக்கு இன்னும் குறைவு. பிளேக் அதற்குள் இறங்கியதும் உடல் அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையிலேயே பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் தாடை எலும்பும் கரைகின்றன. பிளவு ஆழமாகிப் பையாகிறது, பைக்குள் உரோமமும் உணவுத்துணுக்கும் சேர்கின்றன, சீழ் வைக்கிறது.

கால்நடைப் பல் மருத்துவர்கள் இதை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் ஈறு மட்டும் வீங்கியிருக்கும், எலும்பு போகவில்லை. இரண்டாவதில் பல்லின் பிடிமானத்தில் கால் பங்குக்குக் குறைவாக இழப்பு. மூன்றாவதில் கால் முதல் பாதி வரை. நான்காவதில் பாதிக்கு மேல் போய்விட்டது. முதல் நிலை முழுதாகக் குணமாகிவிடும். மற்ற மூன்றிலும் போன எலும்பு போனதுதான், மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம். எந்த நிலை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். காரை மலைபோல் இருந்து அடியில் எலும்பு நன்றாக இருக்கும் நாயும் உண்டு. பல் பளிச்சென்று இருந்து அடியில் பை ஆழ்ந்திருக்கும் நாயும் உண்டு.

'நன்றாகத்தானே சாப்பிடுகிறது, அப்படியென்றால் வலி இருக்காது' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். நாய் பல் வலியோடும் சாப்பிடும். வலியைக் காட்டும் விதம் வேறு. ஒரே பக்கமாக மெல்லுவது, கடினமான பிஸ்கட்டை எடுத்துவிட்டுக் கீழே போடுவது, மெல்லாமல் விழுங்குவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, பொம்மையில் ரத்தக் கறை. ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தமோ சளியோ வந்து தும்மிக்கொண்டே இருந்தால், மேல் கோரைப்பல்லின் வேரோடு எலும்பு கரைந்து மூக்குக்குள் ஓட்டை விழுந்திருக்கலாம். டாக்ஸ்ஹண்ட் மாதிரி நீள மூக்கு நாய்களுக்கு இது அதிகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இது முக்கியம். ஈறில் ரத்தம் வருவதெல்லாம் ஈறு நோய் இல்லை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து ஈறு கசியும், மூக்கில் ரத்தம் வரும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அந்த நிலையில் ஸ்கேலிங் செய்தால் ரத்தம் நிற்காது. சிறுநீரகம் கெட்ட நாய்க்கும் வாயில் புண்ணும் மூத்திர வாடையும் வரும். எந்தச் சுத்தத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம். தட்டணு எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் முழுச் சுத்தம்

இரண்டாம் நிலையோ அதற்கு மேலோ இருக்கும் நாய்க்கு இதைத் தவிர வேறு சிகிச்சை கிடையாது. என் தேர்வு இதுதான். ஆனால் 'ஸ்கேலிங்' என்ற ஒரே பெயரில் பல தரத்தில் வேலை நடக்கிறது. எனவே சரியாகச் செய்தால் என்னென்ன நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

காலையில் வெறும் வயிற்றில் கூட்டிப்போவீர்கள். முன்னங்காலில் ஊசிக் குழாய் போட்டு டிரிப் ஏற்றுவார்கள். ப்ரோபோஃபால் போன்ற மருந்தில் தூங்க வைத்து, மூச்சுக்குழாயில் டியூப் இறக்கி, ஐசோஃப்ளூரேன் வாயுவில் தூக்கத்தைத் தொடர்வார்கள். அந்த டியூபின் நுனியில் ஊதக்கூடிய ஒரு பலூன் இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வேலை செய்யும்போது பல் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரும் உடைந்த காரையும் பாக்டீரியாவும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பது அந்தப் பலூன்தான். ஆகவே டியூப் போடாமல், ஒரு ஊசியில் அரைமயக்கமாக்கிப் பத்து நிமிடத்தில் காரையை உடைத்து அனுப்பும் முறையை நான் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன். மயக்க மருந்தின் ஆபத்தும் இருக்கிறது, அதன் பலனும் இல்லை.

காரையை எடுத்தபின் ஈறுக்கு அடியில் இறங்கி வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வார்கள். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் விட்டு ஆழம் அளப்பார்கள். வளர்ந்த நாய்க்கு 42 பல். எல்லாவற்றையும் அளந்து ஒரு படத்தில் குறிக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் வரையிலான பையை ஈறைத் திறக்காமலே சுத்தம் செய்யலாம், அதற்கு மேல் போனால் ஈறை விலக்கிப் பார்க்க வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். கடைசியில் பாலிஷ். இதை அலங்காரம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கேலிங் கருவி பல்லின் மேல் நுண்ணிய கீறல்களை விடும். பாலிஷ் போடாவிட்டால் அந்தக் கீறல்களில் பிளேக் முன்னைவிடச் சுலபமாக ஒட்டும்.

எக்ஸ்ரே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்லில் பாதிக்கும் மேல் ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் மறைந்திருக்கிறது. 1998-ல் வெளியான கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில், வெளிப்பார்வைக்குக் கோளாறே தெரியாத பற்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, 27.8 சதவீத நாய்களில் சிகிச்சைக்கு முக்கியமான ஏதோ ஒன்று தென்பட்டது. பல் எக்ஸ்ரே வசதி இருக்கும் இடமாகத் தேடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நம் ஊர்க் கிளினிக்குகள் எல்லாவற்றிலும் அது கிடையாது. சாதாரண எக்ஸ்ரேவில் இரண்டு பக்கத் தாடையும் ஒன்றின் மேல் ஒன்று விழும், கோணத்தைச் சாய்த்து எடுத்தால் ஓரளவு தெரியும். மூன்றாம், நான்காம் நிலை என்று சந்தேகம் இருந்தால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகலாம்.

பொமரேனியன், ஷிட்சூ, டாய் பூடில் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ரே விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். இந்தக் குட்டி இனங்களின் கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லின் வேர் ஏறக்குறைய தாடையின் அடிவிளிம்பு வரை இறங்கியிருக்கும். சுற்றிலும் எலும்பு கரைந்த பல்லை எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால் தாடையே முறியக்கூடும். எடுக்காமல் விட்டாலும் ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது முறியக்கூடும்.

சரி, மயக்க மருந்தின் ஆபத்து எவ்வளவு? பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பயத்தில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் சுமார் 98,000 நாய்களைப் பின்தொடர்ந்து 2008-ல் வெளியான ஆய்வில், மயக்கம் அல்லது தூக்க மருந்து கொடுத்த 48 மணி நேரத்துக்குள் அதனால் இறந்தவை 0.17 சதவீதம். ஆரோக்கியமான நாய்களை மட்டும் எடுத்தால் 0.05 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,000-க்கு ஒன்று. நோயுள்ளவற்றில் 1.33 சதவீதம். இந்த எண் எல்லா ஊருக்கும் எல்லாக் கிளினிக்குக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரோக்கியமான நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் உள்ள வித்தியாசம்தான் இதில் படிக்க வேண்டியது. ஈறு நோய் முற்றி, நாய்க்கு வயதாகி, சிறுநீரகமும் இதயமும் தளர்ந்தபின் 'இனிமேல் வேறு வழியில்லை' என்று போவதைவிட, உடம்பு தெம்பாக இருக்கும்போதே போவது பல மடங்கு பாதுகாப்பு.

ஆபத்தைக் குறைப்பது கேள்விகளில் இருக்கிறது. மயக்கத்தைக் கண்காணிக்கத் தனியாக ஒரு ஆள் இருப்பாரா, ஆக்ஸிஜன் அளவும் ரத்த அழுத்தமும் பார்ப்பீர்களா, உடம்பு குளிர்ந்துவிடாமல் சூடேற்ற என்ன வைத்திருக்கிறீர்கள், விழிக்கும்வரை யார் பக்கத்தில் இருப்பார்கள்? நல்ல டாக்டர் இதையெல்லாம் கேட்டால் கோபப்பட மாட்டார். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு டியூபை எடுத்தபின்தான் கண்டம். கிரேஹவுண்ட் போல ஒல்லியான வேட்டை நாய்களுக்குச் சில பழைய மயக்க மருந்துகள் தெளிய நெடுநேரம் ஆகும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் எந்த மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்று முன்னாலேயே பேசிக்கொள்வது நல்லது.

பல்லை எடுக்க வேண்டும் என்றால் பலர் கலங்கிப்போகிறார்கள். அந்தப் பல் ஏற்கெனவே ஒன்றுக்கும் உதவாமல் வலியும் சீழுமாக இருந்ததுதான். நாய்க்குப் பல் என்பது பிடிக்கவும் கிழிக்கவும்தான். கிண்ணத்தில் பிசைந்து வைத்த சோற்றைச் சாப்பிட அது இல்லாமலும் முடியும். பத்துப் பல் எடுத்த நாய்கூடப் புண் ஆறியபின் முன்னைவிட வேகமாகக் கிண்ணத்தைக் காலி செய்யும். எடுக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசியும், வீட்டுக்குப் போகும்போது வலி மருந்தும் தருகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மயக்கம் இல்லாமல் சுரண்டுவது

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் எதிர்ப்பது இதைத்தான். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்ற சிறப்பு மருத்துவர்கள் அமைப்பு இதற்கு எதிராகப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2013-ல் வெளியிட்ட பல் சிகிச்சை வழிகாட்டலில் மயக்கமும் மூச்சுக்குழாய் டியூபும் அவசியம் என்றது. உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் பல் வழிகாட்டலும் மயக்கமில்லாச் சுத்தத்தை ஏற்கவில்லை.

ஆனால் மருத்துவச் சங்கங்கள் தொழில் போட்டியில் சொல்கின்றன என்று நினைப்பவர்களும் உண்டு. அதனால் காரணத்தையே பார்ப்போம். விழித்திருக்கும் நாய் பல்லின் நாக்குப் பக்கத்தைக் காட்டாது. வீங்கிய ஈறுக்கு அடியில் கூரான உலோகத்தை விட்டால் வலிக்கும், அசையும், அசைந்தால் கிழியும். ஆகவே நல்ல நோக்கம் உள்ளவர்கூடச் சுரண்டுவது வெளிப்பக்கத்தை, அதுவும் ஈறு விளிம்புக்கு மேலே இருப்பதை மட்டும்தான். அளக்க முடியாது, எக்ஸ்ரே கிடையாது, பாலிஷும் சரியாக வராது. கரையான் அரித்த நிலைக்கதவுக்கு மேலே பெயின்ட் அடித்த கதைதான்.

'கொஞ்சமாவது நல்லதுதானே?' என்று கேட்கலாம். இல்லை என்பதே என் கருத்து. பல் வெள்ளையாகிவிடும், சில வாரம் நாற்றமும் குறையும். உரிமையாளர் நிம்மதியாகிவிடுவார், டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். அடியில் எலும்பு கரைவது நிற்காது. இரண்டாம் நிலையில் காப்பாற்றியிருக்கக்கூடிய பல் நான்காம் நிலைக்குப் போவது இந்த இடைவெளியில்தான். அதோடு, நாலு பேர் அழுத்திப் பிடித்து வாயில் வலியை உண்டாக்கிய நாய் அதற்கப்புறம் வீட்டில் பிரஷ் வைக்க வாயைத் தொட விடாது. உண்மையில் பலன் தரும் ஒரு பழக்கத்தையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறோம்.

வீட்டிலேயே செய்யும் அல்ட்ராசோனிக் பிரஷ் என்று விற்பது சுரண்டுவதைப் போல ஆபத்தானதில்லை. அதை நல்ல பிரஷ் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளலாம், ஆழ்ந்த பையைக் குணமாக்கும் கருவி என்ற கணக்கில் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுப்பதும் இதே வகைதான். ஐந்தாறு நாளில் வீக்கமும் வாடையும் குறையும். பாக்டீரியா குடியிருக்கும் படலமும் காரையும் அப்படியே இருப்பதால் மாத்திரை நின்றதும் எல்லாம் திரும்பி வரும். மாதத்துக்கு ஒருமுறை 'ஒரு கோர்ஸ்' கொடுத்துக்கொண்டே போவது மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை வளர்க்கும் வேலை.

வீட்டில் செய்பவை

முழுச் சுத்தம் முடிந்த பல்லில் அன்றைக்கே பிளேக் மறுபடி படிய ஆரம்பிக்கும். எனவே அதற்கப்புறம் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவழித்த பணத்துக்கு மதிப்பு. இங்கே பிரஷ்தான் முதலிடம், மற்றவை எல்லாம் வெகுதூரம் பின்னால். பிளேக் இறுகி மூன்று நாளுக்குள் காரையாகிவிடும் என்பதால் தினமும், முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒருநாள். வாரத்துக்கு ஒருமுறை தேய்ப்பதில் பெரிதாகப் பயன் இல்லை.

குழந்தைகள் பிரஷ் போதும், மிருதுவாக இருக்க வேண்டும். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ் பழக்குவதற்கு நல்லது, ஆனால் ஈறு விளிம்புக்குள் அதன் முனைகள் இறங்காது. பிரஷைச் சாய்வாக, முடிகளின் நுனி ஈறும் பல்லும் சேரும் கோட்டில் படும்படி பிடித்து, வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். வாயைத் திறக்கத் தேவையே இல்லை, உதட்டைத் தூக்கினால் சரி. உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். பின்பக்கத்துப் பெரிய பற்களும் கோரைப்பற்களும்தான் முக்கியம்.

பேஸ்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் தேய்த்தாலும் வேலை நடக்கும். ஏனென்றால் படலத்தை உடைப்பது பிரஷின் உரசல்தான். மனிதர்கள் பேஸ்ட் கூடவே கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். ஃப்ளோரைடும் நுரையும் வயிற்றைக் கெடுக்கும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, கல்லீரலும் கெட்டு உயிருக்கே ஆபத்து. அதே போல பல்பொடி, உப்பு, சமையல் சோடா, கிராம்புத் தைலம் என்று வீட்டு வைத்தியம் சொல்வார்கள். புண்ணான ஈறில் உப்பைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று நம் வாயை நினைத்துப் பார்த்தாலே போதும்.

முக்கியமான ஒரு விலக்கு. சிகிச்சைக்கு முன்னால், ஈறு புண்ணாகிப் பல் ஆடும் நாய்க்குப் பிரஷ் செய்யத் தொடங்காதீர்கள். வலிக்கும், ரத்தம் வரும், கடிக்கும், அப்புறம் பிரஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். முதலில் டாக்டர், பிறகு ஈறு ஆறுவதற்குச் சுமார் இரண்டு வாரம், அதன் பிறகு பிரஷ். முதல் நிலையில் உள்ள, ஈறு லேசாகச் சிவந்த இளம் நாய்க்கு மட்டும் நேராகப் பிரஷில் தொடங்கலாம்.

பிரஷ் போட முடியாத நாய்களுக்கும், சிகிச்சை முடிந்த புதிதிலும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உதவும். நாய்களுக்கான திரவம் பெரும்பாலும் 0.12 சதவீதம். பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்யும் என்பது இதன் சிறப்பு. தொடர்ந்து பயன்படுத்தினால் பல் பழுப்பேறும், கசப்பால் நாய்க்குப் பிடிக்காது. மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் மவுத்வாஷில் ஆல்கஹாலோ இனிப்பூட்டியோ இருக்கலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் அதை எடுக்க வேண்டாம்.

மெல்லும் பொருள்களில் நல்லதும் உண்டு, பல்லை உடைப்பதும் உண்டு. 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய கால்நடை வாய் ஆரோக்கியக் கவுன்சில் என்ற அமைப்பு, சோதனையில் பிளேக்கையோ காரையையோ குறைத்துக் காட்டிய பொருள்களுக்கு முத்திரை தருகிறது. கிரீனீஸ் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. வாங்கும் முன் பெயரை அங்கே தேடிப் பார்க்கலாம். அளவு நாயின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஐந்து கிலோ நாய்க்குத் தினம் ஒன்று கொடுத்தால் சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டாகும்.

மாட்டெலும்பு, மான் கொம்பு, குளம்பு, கல் போன்ற யாக் பாலாடைக் கட்டி இவையெல்லாம் எனக்கு வேண்டாம். காட்டு நாய் எலும்பு கடிக்கிறதே என்பார்கள். அதற்கும் பல் உடையும், நாம் பார்ப்பதில்லை. கடின எலும்பில் அழுத்திக் கடிக்கும்போது, மேலே சொன்ன அதே நான்காவது முன்கடைவாய்ப்பல் செதிளாகப் பிளந்துவிடும். நகத்தால் அழுத்தினால் சிறு தடமாவது விழ வேண்டும், விழாத பொருளை நாய்க்குக் கொடுக்க வேண்டாம் என்பது பல் மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை. ஈறு நோய் உள்ள நாய்க்கு, அதுவும் பல் ஆடும் நாய்க்கு, மெல்லும் குச்சி சிகிச்சை இல்லை, வலி.

உலர் உணவு கொடுத்தால் பல் சுத்தமாகிவிடும், தயிர்சாதம்தான் பல்லைக் கெடுக்கிறது என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை. சாதாரண உலர் உணவு பல் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும், ஈறு விளிம்பு வரை உரசுவதில்லை. பல்லுக்காகவே செய்த உணவுகள் வேறு: ஹில்ஸ் t/d போன்றவற்றில் உருண்டை பெரிது, நார் அமைப்பால் உடனே உடையாமல் பல் உள்ளே இறங்கும்போது துடைக்கும். அவற்றுக்கு ஆதாரம் உண்டு, விலையும் உண்டு.

தண்ணீரில் கலக்கும் திரவம் கடைசி இடம். பலன் சிறிது, தண்ணீரின் ருசி மாறி நாய் குறைவாகக் குடித்தால் சித்திரை வெயிலில் அதுவே தொல்லை. கடற்பாசிப் பொடி சாப்பாட்டில் தூவுவது, எச்சில் வழியாகப் பிளேக்கைத் தளர்த்துகிறது என்ற கருத்தில் வருகிறது. சிலவற்றுக்கு அந்தக் கவுன்சிலின் முத்திரையும் உண்டு. அதில் அயோடின் இருப்பதால் தைராய்டு மருந்து சாப்பிடும் நாய்க்கு டாக்டரிடம் கேட்டுத்தான்.

யாருக்கு எது

இரண்டு மூன்று வயது, ஈறு மட்டும் சிவந்திருக்கிறது, காரை லேசாக: பிரஷைத் தொடங்குங்கள், ஒரு மாதத்தில் சிவப்பு வடியவில்லை என்றால் டாக்டரிடம். காரை கெட்டியாகிவிட்டால் பிரஷ் அதை எடுக்காது, ஒருமுறை முழுச் சுத்தம் செய்துவிட்டுப் பிரஷில் இறங்குவதுதான் வழி.

நடுவயது, வாடை, ரத்தக் கசிவு, ஒரு பக்கமாக மெல்லுதல்: இங்கே யோசிக்கவே தேவையில்லை. மயக்க மருந்து, பையின் ஆழத்தை அளத்தல், எக்ஸ்ரே, தேவைப்பட்ட பல்லை எடுத்தல். பணம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இருக்கிறது என்றால், பொடி, திரவம், குச்சி, மாதாமாதம் க்ரூமிங் சுரண்டல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதற்குச் சேர்த்து வையுங்கள். கிளினிக்குக் கிளினிக் கட்டணம் வித்தியாசப்படும். மலிவாகச் சொல்பவரிடம், இந்தத் தொகையில் டியூப், எக்ஸ்ரே, பாலிஷ், பல் எடுப்பது எவை அடக்கம் என்று கேட்டால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

பன்னிரண்டு வயது, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது: இதுதான் கடினமான முடிவு. வயது நோயல்ல. இதய வால்வு தளர்ந்த குட்டி இன நாய்கள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, மருந்தைச் சரிசெய்து, நல்ல கண்காணிப்பில் மயக்கத்தைத் தாங்குகின்றன. வாயில் சீழோடு இருக்கும் நாளும் அதற்குச் செலவுதான். ஆனால் இதயம் ஏற்கெனவே திணறி நுரையீரலில் நீர் கோத்த நாய்க்கோ, சிறுநீரகம் மிகவும் கெட்ட நாய்க்கோ டாக்டர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். மென்மையான உணவு, குளோர்ஹெக்சிடின் ஜெல், டாக்டர் தரும் வலி மருந்து என்று வாயை ஓரளவு அமைதியாக வைத்துக்கொள்ளலாம். வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் அதற்கு அல்ல. இரண்டும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.

எந்த இடத்தில் செய்தாலும் வீட்டுக்குக் கிளம்பும் முன் பல் சார்ட்டின் நகலையும் எக்ஸ்ரே படங்களையும் கேட்டு வாங்குங்கள். நாய்ப் பற்களுக்கு உலகம் முழுக்க ஒரே எண் முறைதான். மேல் வலது நான்காவது முன்கடைவாய்ப்பல் 108, மேல் இடது 208, கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் 309, கீழ் வலது 409. எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் பை என்று அதில் குறித்திருக்கும். இரண்டாம், மூன்றாம் நிலை இருந்த நாயை ஆறு மாதத்தில் திரும்பக் காட்டும்போது, அந்தத் தாள் கையில் இருந்தால் வேறு ஊர் டாக்டராலும் ஈறு தேறியிருக்கிறதா இல்லையா என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.